இங்கிலீஷ் சொல்லுக்கும் காய்ச்சலும் பாய்ச்சலும் வேண்டும்

ஆடிப்பெருக்கன்று தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். பாபநாசம் பக்கத்து ஊர். குடமுருட்டியில் காதோலை கருகமணி விட்டுவிட்டு வந்து, புளியோதரையும் தயிர்சாதமும் சாப்பிட்டுக் கூடத்தில் உட்கார்ந்ததும் பஞ்சாயத்து ஆரம்பமாகிவிட்டது. தம்பி மகன் பிளஸ் டூ. முதல் இடைத்தேர்வில் மற்ற பாடமெல்லாம் நன்றாகத்தான் வாங்கியிருக்கிறான். இங்கிலீஷில் மட்டும் ஒத்த பொருள் சொல் எது, எதிர்ச்சொல் எது என்று சினானிம், ஆன்டனிம் கேட்டு வந்த ஆறு கேள்விக்கு இரண்டுதான் சரி.

"கும்பகோணத்துல ஒரு சார் இருக்காராம். சனி ஞாயிறு வேர்ட் டெஸ்ட் வச்சே ஆளத் தேத்திவிட்டுருவாராம்" என்றான் தம்பி. அவன் மனைவிக்கு ஃபோன் மேல் நம்பிக்கை. "காசே வேணாம் அண்ணி, ஆப்ப சும்மாவே டவுன்லோட் பண்ணிக்கலாம்." எங்கள் அப்பா ஊஞ்சலிலிருந்தபடியே, "லிப்கோ டிக்‌ஷனரிய தினம் ஒரு பக்கம் படிச்சாப் போதும். நாங்கல்லாம் அப்படித்தான் படிச்சோம்" என்றார். சம்பந்தப்பட்டவனோ, "அத்தை, கைடுல பின்னாடி எல்லாம் இருக்கு. பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னாடி பாத்துக்கலாம்" என்று நழுவப் பார்த்தான்.

"இருபத்திரண்டு வருஷமா இதத்தானே சொல்லிக் கொடுக்குற, நீயே தீர்ப்பு சொல்லுக்கா" என்று என் தலையில் கட்டினார்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அந்த வீட்டில் இருக்கும் குழப்பம் இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் இருப்பதை நான் அறிவேன்.

முதலில் கேள்வித்தாளைப் பார்ப்போம். மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ இங்கிலீஷ் எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண், அகமதிப்பீடு 10. முதல் பகுதியில் 20 ஒரு மார்க் கேள்விகள். அதில் முதல் மூன்று சினானிம், அடுத்த மூன்று ஆன்டனிம். மிச்சம் 14 கேள்விகளிலும் முன்னொட்டு, பின்னொட்டு, கூட்டுச்சொல், மரபுத்தொடர், சுருக்கக் குறி என்று பெரும்பாலும் சொல் சம்பந்தப்பட்டவைதான் வரும். பத்தாம் வகுப்பில் இந்த ஒரு மார்க் பகுதி 14. அங்கேயும் முதல் ஆறு இதே கணக்கு.

ஆக, நேராகப் பார்த்தால் ஆறு மதிப்பெண். ஆறு மதிப்பெண்ணுக்காக வாரம் இரண்டு நாள் பஸ் ஏறுவதா என்று கேட்டால் நியாயமான கேள்விதான். ஆனால் சொல் தெரியாத பிள்ளை இந்த ஆறோடு நிற்பதில்லை. தெரியாத பத்தியைக் கொடுத்துக் கேட்கும் கேள்வியில் தடுமாறும், ஐந்து மார்க் விடையில் 'குட்', 'நைஸ்', 'வெரி நைஸ்' என்று மூன்று சொல்லை வைத்துக்கொண்டே முக்கால் பக்கம் ஓட்டும். திருத்துகிற எங்களுக்கு அது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சினானிம் கேள்வியில் சொல் தனியாக வருவதில்லை. ஒரு வாக்கியத்துக்குள் அடிக்கோடு போட்டுத்தான் வருகிறது. கீழே நாலு விடை. அந்த நாலில் ஒன்று பெரும்பாலும் எதிர்ச்சொல்லாகவே இருக்கும். சினானிமா ஆன்டனிமா என்று கேள்வியைப் படிக்காமல், தெரிந்த சொல்லைக் கண்ட சந்தோஷத்தில் டிக் அடித்துவிட்டு வருகிறவர்களுக்காகவே வைத்த பொறி அது. வருஷா வருஷம் ஆள் விழுகிறது. கேள்வி வாக்கியமாக வருகிறது என்றால் படிப்பும் வாக்கியமாகத்தான் இருக்க வேண்டும். கீழே நான் சொல்லும் ஒவ்வொரு வழியையும் இந்த ஒரு கண்ணோடுதான் எடை போட்டிருக்கிறேன்.

கைடு

பையன் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அவன் முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை. பாடத்தின் பின்னால் பயிற்சியில் வருகிற புக் பேக் சொற்களும், பழைய கேள்வித்தாள் சொற்களும் ஒரே இடத்தில் கிடைக்கும். விலையும் குறைவு. பிப்ரவரி கடைசியில் விழித்துக்கொள்கிற பிள்ளைக்கு இதைவிட்டால் வேறு வழியே கிடையாது. இரண்டு வாரம் இருந்தால் கைடுதான், நான் தயங்காமல் சொல்வேன்.

ஆனால் ஆகஸ்டிலேயே கைடைக் கையில் எடுப்பது தண்டம். கைடில் ஒரு சொல்லுக்கு எதிரே ஒரு சொல்தான் இருக்கும். வாக்கியம் இருக்காது. இடது பக்கம் பார்த்தால் வலது பக்கம் நாக்கில் வரும். இடம் மாற்றிக் கேட்டால் வராது. பரீட்சை முடிந்து பங்குனி வெயில் ஏறுவதற்குள் எல்லாம் ஆவியாகிவிடும்.

மனப்பாடத்தைக் கேவலமாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நம் முன்னோர் நிகண்டைத் திண்ணையில் உட்கார்ந்து உருப்போட்டவர்கள். ஒரு பொருளுக்கு எத்தனை பெயர் என்று ஒப்பிப்பதுதான் அன்றைய படிப்பு. திவாகர நிகண்டைச் செய்வித்த சேந்தன்கூட நம் பக்கத்து அம்பர் ஊர்க்காரன்தான். ஆனால் நிகண்டு செய்யுளில் இருந்தது. எதுகையும் மோனையும் அடுத்த சொல்லைக் கையைப் பிடித்து இழுத்து வரும். கைடுப் பட்டியலில் அப்படி இழுத்து வர எதுவும் இல்லை.

அகராதி

அப்பா சொன்ன வழி. இதில்தான் நான் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருக்கிறது, காரணம் எங்கள் வீடுகளில் அகராதிக்கு இருக்கும் மரியாதை வேறு எதற்கும் இல்லை. பூஜை அலமாரிக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள்.

அகராதியைப் புரட்டுவதில் ஒரு ருசி உண்டு, மறுக்கவில்லை. பெரிய ஆங்கில அகராதிகளில் 'ஏ' எழுத்துக்குள் போய்த் தேடினால் 'அனிகட்' என்று ஒரு சொல் கிடைக்கும். நம் அணைக்கட்டேதான். கல்லணையை வெள்ளைக்காரன் கிராண்ட் அனிகட் என்று எழுதியது அப்படியே அவன் அகராதிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. 'கட்டமரான்', 'செரூட்', 'மல்லிகடானி' என்று கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் வேஷம் மாற்றிக்கொண்டு அங்கே நிற்கும். இதைச் சொன்னால் பிள்ளைகள் கண்ணை விரிப்பார்கள். வகுப்பு கலகலப்பாகும். ஆனால் பரீட்சைக்கு உதவாது.

உதவாது என்பதைவிட, சமயத்தில் கெடுக்கும். சில வருஷம் முன்பு ஒரு பையன் தஞ்சாவூரைப் பற்றிக் கட்டுரை எழுதினான். 'தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு நொட்டோரியஸ்' என்று எழுதியிருந்தான். கூப்பிட்டுக் கேட்டேன். பையில் வைத்திருந்த சின்ன அகராதியைப் பெருமையாகக் காட்டினான். அதில் அந்தச் சொல்லுக்கு நேரே 'பேர்போன' என்று இருந்தது. அவன் மேல் குற்றம் சொல்ல முடியுமா? தமிழில் கோயிலும் பேர்போனது, திருடனும் பேர்போனவன். கேட்கிற தொனியில் நாம் புரிந்துகொள்கிறோம். இங்கிலீஷில் நொட்டோரியஸ் என்றால் கெட்ட பெயருக்கு மட்டும்தான். நல்ல பெயருக்கு ஃபேமஸ், ரினௌண்ட்.

அடுத்த வருஷம் ஒரு பெண். பாட்டியைப் புகழ்ந்து எழுத ஆசைப்பட்டு 'என் பாட்டி ரொம்ப ஸ்டிஞ்சி' என்று எழுதிவிட்டாள். சிக்கனம் என்று சொல்ல நினைத்தாள், கஞ்சம் என்று எழுதிவிட்டாள். 'த்ரிஃப்டி', 'ஃப்ரூகல்', 'எகனாமிகல்', 'ஸ்டிஞ்சி', 'மைஸர்லி' எல்லாம் ஒரே தெருவில் குடியிருக்கிற சொற்கள்தான். முதல் மூன்று வீட்டில் மரியாதை உண்டு, அடுத்த இரண்டு வீட்டில் கிடையாது. ஒற்றைத் தமிழ்ச் சொல்லை மட்டும் பார்த்துப் படிக்கிற பிள்ளைக்கு இந்த வித்தியாசம் கடைசி வரை தெரியாமலே போய்விடுகிறது.

அதனால் அகராதி தேடுவதற்கு, படிப்பதற்கு அல்ல என்று அப்பாவிடம் சொன்னேன். வாங்குவதானால் எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்கிற கற்போர் அகராதியாக வாங்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டின் அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி 1948-லிருந்து இந்த வேலையைத்தான் செய்கிறது. தமிழ்ப் பொருளுக்கு லிப்கோ, வாக்கியத்துக்கு அது. அப்பா ஊஞ்சலை நிறுத்திவிட்டு, "அப்ப நாங்க படிச்சது?" என்றார். "நீங்க படிச்சீங்கப்பா. அதுக்கப்புறம் நாப்பது வருஷம் ஆபீஸ்ல அதே வார்த்தையத் தினம் எழுதுனீங்க" என்றேன். சமாதானமானாரா என்று தெரியவில்லை. ஊஞ்சல் மறுபடி ஆடியது.

ட்யூஷன்

வேர்ட் டெஸ்ட் வைக்கும் ட்யூஷன் பற்றி எனக்குச் சொல்ல உரிமை இருக்கிறது, ஏனென்றால் அதே தப்பை நானே பத்து வருஷம் செய்தவள். வெள்ளிக்கிழமைதோறும் 50 சொல். பிள்ளைகள் வியாழக்கிழமை ராத்திரி உட்கார்ந்து உருப்போட்டு வந்து 45, 48 என்று வாங்குவார்கள். எனக்கும் பெருமை, பெற்றோருக்கும் பெருமை. ஒரு அரையாண்டுக்கு முன்னால் ஏதோ தோன்றி, ஜூலையில் கேட்ட அதே 50 சொல்லை முன்னறிவிப்பு இல்லாமல் மறுபடி கேட்டேன். ஜூலையில் 50-க்கு 50 வாங்கிய பெண் 9 எழுதினாள். அழுதுவிட்டாள். எனக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

தப்பு அவளிடம் இல்லை, நான் டெஸ்ட் வைத்த விதத்தில் இருந்தது. ஒரு தடவை கேட்டுவிட்டு அடுத்த 50-க்குப் போய்க்கொண்டே இருந்தேன். எர்மன் எபிங்ஹௌஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதனைக்கு வைத்து, அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எத்தனை மணி நேரத்தில் எத்தனை மறக்கிறது என்று கணக்கெடுத்து 1885-லேயே எழுதிவைத்துவிட்டார். முதல் நாளிலேயே பெரும்பங்கு போய்விடுகிறது. ஆனால் இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் மறக்கும் வேகம் குறைந்துகொண்டே வருகிறது.

இதைச் சொல்ல ஜெர்மனிக்குப் போயிருக்க வேண்டியதில்லை. நம் வயலில் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்வோமே, அதுதான். நாற்று நட்ட வயலில் எந்நேரமும் தண்ணீரைத் தேக்கிவைத்தால் வேர் இறங்காது. கொஞ்சம் காயவிட்டு, தரையில் மயிரிழை போல வெடிப்பு தெரிந்ததும் மறுபடி தண்ணீர் கட்ட வேண்டும். வெடிப்பு தெரிவதற்கு முன்னால் கட்டினால் வீண். பாளம் பாளமாக வெடித்த பிறகு கட்டினால் பயிர் போய்விடும். சொல்லும் அப்படித்தான். மறக்கத் தொடங்கும் அந்த நேரத்தில் திரும்பப் பார்த்தால்தான் வேர் பிடிக்கும். நான் வெள்ளிக்கிழமைதோறும் மடையைத் திறந்து வெள்ளமாக விட்டுவிட்டு, அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

ஆகவே ட்யூஷன் சேர்க்கும் முன் அந்த ஆசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன்: "போன மாசம் கேட்ட சொல்ல இந்த மாசமும் கேப்பீங்களா?" ஆமாம் என்றால் நல்ல ஆசிரியர். "புதுசு புதுசாத்தான் கொடுப்போம்" என்றால் என்னைப் போல ஒருத்தர். தம்பி ஃபோன் போட்டுக் கேட்டான். மாதம் 1,200 ரூபாய், புதுசு புதுசாக வாரம் நூறு சொல் என்று பதில் வந்தது.

ட்யூஷனுக்கு ஒரு பலன் உண்டு. யாரோ கேட்பார்கள் என்ற பயம். தனியாக உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் எழுந்து போகிற பிள்ளைக்கு அந்தப் பயம் தேவை. ஆனால் பயத்துக்காக மட்டும் கும்பகோணம் வரை பஸ்ஸில் போய் வந்து, சனி ஞாயிறு இரண்டு சாயங்காலத்தையும் கொடுக்க வேண்டுமா? கணக்கும் இயற்பியலும் அந்த இரண்டு சாயங்காலத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கின்றன. வீட்டில் யாராவது கேட்டால் போதும். இங்கிலீஷ் தெரியாத அம்மாகூடக் கேட்கலாம். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

பேப்பரும் கதைப் புத்தகமும்

'தினம் இங்கிலீஷ் பேப்பர் படி' என்பது தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாரும் கொடுக்கிற இலவச அறிவுரை. கேட்க நன்றாக இருக்கும். வீட்டில் வாங்கிப் போட்ட பேப்பரெல்லாம் மடிப்புக் கலையாமல் எடைக்குப் போகும்.

வாசிப்பு வீண் என்று சொல்ல நான் யார்? வலங்கைமானில் 1869-ல் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்து, கும்பகோணத்தில் படித்து, இங்கிலீஷ்காரனே காது கொடுத்துக் கேட்கும்படி பேசி 'வெள்ளி நாக்கு' என்று பேர் வாங்கிய சீனிவாச சாஸ்திரி நம்மூர்க்காரர்தான். இன்று வலங்கைமான் என்றால் பாடைக்காவடியும் பட்டாசும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. அந்த மாதிரி இங்கிலீஷ் பட்டியல் படித்து வராது, வருஷக் கணக்கில் வாசித்துத்தான் வரும்.

ஆனால் வாசித்துச் சொல் சேர வேண்டுமானால் பக்கத்தில் பெரும்பாலான சொல் ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். நூற்றுக்கு 98 சொல் தெரிந்தால்தான் மற்ற இரண்டை ஊகிக்க முடியும் என்பது சொல்லறிவு ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு. பையனிடம் தலையங்கத்தைக் கொடுத்து முதல் நூறு சொல்லில் தெரியாததை வட்டம் போடச் சொன்னேன். பதினான்கு வட்டம். அதே பேப்பரில் கிரிக்கெட் செய்தி, மூன்று வட்டம். அவனுக்குத் தலையங்கம் இப்போதைக்கு வேண்டாம், கடைசிப் பக்கம் போதும். எட்டாவது படிக்கும் அவன் தங்கைக்குத்தான் கிளை நூலகத்துச் சின்னக் கதைப் புத்தகங்கள். அவளுக்கு நாலு வருஷம் கையில் இருக்கிறது. இவனுக்கு ஏழு மாசம்.

சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே எழுத்துத் தேர்வு 80. முன்பின் பார்க்காத பத்தியைக் கொடுத்து அதற்குள்ளேதான் சொல்லையும் கேட்பார்கள், புக் பேக் பட்டியல் கை கொடுக்காது. அவர்களுக்கு வாசிப்புக்குக் கூடுதல் இடம் கொடுக்க வேண்டும்.

ஆப்

தம்பி மனைவி கேட்டதற்கு நேர்மையான பதில்: ஆப்பில் தப்பில்லை, ஃபோனில்தான் தப்பு. ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள் என்று அட்டை மாதிரி காட்டுகிற ஆன்கி போன்ற ஆப்கள் ஆண்ட்ராய்டில் இலவசம். எந்தச் சொல்லை எந்த நாளில் திரும்பக் காட்ட வேண்டும் என்று அதுவே கணக்கு வைத்துக்கொள்ளும். காய்ச்சலும் பாய்ச்சலும் அதற்கு நன்றாகத் தெரியும். சிக்கல் இரண்டு. பிள்ளைகள் தாமாக அட்டை எழுதாமல் வெளிநாட்டு மேல்படிப்புக்கான ஜிஆர்இ பரீட்சைக்காக யாரோ செய்துவைத்த அட்டைக் கட்டு ஒன்றை இறக்கிக்கொள்கிறார்கள். பிளஸ் டூ தாளில் ஏழு ஜென்மத்துக்கும் வராத சொல்லெல்லாம் அதில் இருக்கும். இரண்டாவது, ஆப்பைத் திறந்த கை ரீல்ஸில் போய் நிற்கும். அண்ணி என்ற முறையில் எச்சரித்துவிட்டேன்.

பகுதி, விகுதி

இதை யாரும் கூடத்தில் சொல்லவில்லை, நானாகச் சேர்த்தது. சொல்லைப் பிரித்துப் படிப்பது. தமிழ் வகுப்பில் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று பகுபதத்தை ஆறாகப் பிரித்து எழுதிப் பழகிய பிள்ளைக்கு இது தண்ணீர் பட்ட பாடு. 'பெனே' என்றால் நல்ல, 'மல்' என்றால் கெட்ட. இது தெரிந்தால் பெனவலன்ட்டும் மலவலன்ட்டும் எதிரெதிர் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். 'ஸ்பெக்ட்' என்றால் பார்ப்பது. இன்ஸ்பெக்ட், ரெட்ரோஸ்பெக்ட், ஸ்பெக்டேட்டர் எல்லாம் அந்த ஒரு வேரிலிருந்து கிளைத்தவை.

எனக்கு ரொம்பப் பிடித்தது எதிர்ச்சொல் முன்னொட்டு. 'இன்' என்பது லீகலோடு சேர்ந்தால் இல்லீகல், ரெகுலரோடு சேர்ந்தால் இர்ரெகுலர், பாசிபிளோடு சேர்ந்தால் இம்பாசிபிள். ஏன் இத்தனை வேஷம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். மரம் என்பது கள்ளோடு சேர்ந்தால் மரங்கள் ஆகிறதே, பொன் குடத்தோடு சேர்ந்தால் பொற்குடம் ஆகிறதே, அதே கதைதான். வருகிற எழுத்துக்கு ஏற்ப நிற்கிற எழுத்து வளைந்து கொடுக்கிறது. தமிழ் ஐயா நடத்திய திரிதல் விகாரத்தை இங்கிலீஷ் வகுப்பில் பார்க்கும்போது பிள்ளைகள் முகத்தில் வருகிற சிரிப்புக்கே இந்தப் பாடத்தை நடத்தலாம்.

ஆனால் வேரை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு போகக் கூடாது. 'இன்வேல்யுவபிள்' என்றால் மதிப்பில்லாதது இல்லை, மதிப்பிட முடியாத அளவு உயர்ந்தது. 'இன்ஃப்ளேமபிள்' என்றால் தீப்பிடிக்கும். எரிவாயு லாரியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் தைரியமாகப் பக்கத்தில் போய் நின்றுவிடப் போகிறார்கள். எனவே இது ஊறுகாய். சோறு வேறு.

அட்டைப் பெட்டி

என் தீர்ப்பு இதுதான். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972-ல் எழுதிய முறை. ஆப்பெல்லாம் இதற்குப் பேரப்பிள்ளை. ஒரு பெட்டி, அதில் ஐந்து அறை, நிறைய அட்டை.

தம்பி வீட்டிலேயே செய்து காட்டினேன். காலி ஸ்வீட் பெட்டி ஒன்று. காலண்டர் அட்டையை வெட்டி நாலு தடுப்பு. சொல் எழுத அட்டைக்கு எங்கே போவது? நம் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை. அலமாரியில் ஒரு கட்டுக் கல்யாணப் பத்திரிகை கிடந்தது. ஒவ்வொன்றையும் நாலாகக் கிழித்தால் பின்பக்கம் வெள்ளை. ஆவணியில் இன்னும் வரும்.

ஓர் அட்டை எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். 2019-ல் வந்த பிளஸ் டூ புத்தகத்தில் தேநீர் போடுவது எப்படி என்று ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய கட்டுரை பாடமாக இருக்கிறது. டீ போட 11 விதி சொல்கிறார் மனிதர். அதில் சிலவற்றை 'கான்ட்ரவர்ஷியல்' என்கிறார். அட்டையின் முன்பக்கம் பாடத்திலிருக்கும் அந்த வாக்கியத்தையே எழுதி, சொல்லுக்கு அடிக்கோடு. பின்பக்கம் நாலு வரி. அந்த இடத்தில் தமிழில் என்ன பொருள்: ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிச் சண்டை வரக்கூடிய. ஒரு சினானிம்: டிஸ்பியூட்டட். ஆன்டனிம் இருந்தால் அது: அன்டிஸ்பியூட்டட். கடைசி வரி சொந்த வாக்கியம், நம் வீட்டைப் பற்றி இருக்க வேண்டும். பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, காபியில் சிக்கரி சேர்ப்பது எங்கள் வீட்டில் கான்ட்ரவர்ஷியல் விஷயம் என்று இங்கிலீஷில் எழுதினான். சமையற்கட்டிலிருந்து அவன் அம்மாவும் ஊஞ்சலிலிருந்து அவன் தாத்தாவும் ஒரே நேரத்தில் குரல் கொடுத்தார்கள். அந்தச் சொல் அவனுக்கு இனி மறக்காது.

புது அட்டை முதல் அறையில். தினம் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் இரண்டாம் அறை, அது மூன்று நாளுக்கு ஒரு தடவை. அடுத்தது வாரம் ஒரு தடவை, பிறகு பதினைந்து நாள், பிறகு மாதம். எந்த அறையில் தப்பினாலும் முதல் அறைக்கே திரும்ப வேண்டும். இதில் இரக்கம் கூடாது. ஒரு நாளைக்கு ஆறு சொல், வாரம் ஐந்து நாள் என்று வைத்தால் 30. இருபது வாரத்தில் 600. ஆறு உரைநடைப் பாடத்தில் உள்ள கடினச் சொல்லெல்லாம் அதற்குள் அடங்கி, முன்னொட்டு பின்னொட்டுக்கும் இடம் மிஞ்சும். தை அறுவடைக்குள் பெட்டி நிரம்பிவிடும். அதற்கப்புறம்தான் கைடு, பழைய கேள்வித்தாள் எல்லாம்.

இங்கிலீஷ் தெரியாத அம்மா எப்படிக் கேட்பது என்றேனே? அட்டையைப் பையனிடம் காட்ட வேண்டும், அவன் தமிழில் பொருள் சொல்ல வேண்டும். பின்பக்கத்தில் தமிழ் இருக்கிறது. சரியா தப்பா என்று அம்மா பார்த்துக்கொள்ளலாம். ராத்திரி தோசை வார்க்கும்போது பத்து நிமிஷம். 1,200 ரூபாய் மிச்சம்.

இதில் குறையே இல்லையா? இருக்கிறது. முதல் மூன்று வாரம் அலுப்புத் தட்டும். எழுதுவதற்கே நேரம் போகிறதே என்று தோன்றும். அந்த எழுத்து வேலைதான் படிப்பு என்பதைப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அடிப்படைச் சொல்லே தட்டுப்பாடாக இருக்கிற பிள்ளைக்கு இது இப்போது வேண்டாம். மைக்கேல் வெஸ்ட் 1953-ல் தொகுத்த பட்டியலில் சுமார் 2,000 சொல். அன்றாட இங்கிலீஷின் பெரும்பகுதி அதற்குள் முடிந்துவிடும். அதில் பாதி தெரியாதவனை 'கான்ட்ரவர்ஷியல்' எழுதச் சொல்வது நாற்றங்கால் விடாமல் அறுவடைக்கு ஆள் சொல்வது போல. அவனுக்கு எட்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்க வேண்டும், அதில் வெட்கமும் இல்லை.

இது ஐப்பசி. மழை பிடித்துக்கொண்டுவிட்டது. தம்பி வயலில் சம்பா பச்சை கட்டி நிற்கிறதாம். ஸ்வீட் பெட்டியில் இருநூற்று நாற்பது அட்டை ஆகிவிட்டது என்று அவன் மனைவி சொன்னாள். நடுவில் ஆயுதபூஜை, தீபாவளி என்று பத்து நாள் பெட்டியைத் திறக்கவே இல்லை என்பதையும் அவளே சொன்னாள்.

நேற்று ராத்திரி பையன் வாட்ஸ்அப்பில் ஓர் அட்டையைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். எட்மண்ட் ஹிலாரி எவரெஸ்ட் ஏறிய பாடத்துச் சொல், 'ரிட்ஜ்'. மலையையே பார்க்காத பிள்ளை. பின்பக்கம் 'வரப்பு மாதிரி ஒடுங்கி உயர்ந்து போகிற மேடு' என்று பொருள் எழுதி, மழையில் ரிட்ஜ் மேல் நடந்து அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன் என்று சொந்த வாக்கியமும் எழுதியிருந்தான். கீழே ஒரு கேள்வி: "அத்தை, வயல் வரப்புக்கு ரிட்ஜ்னு போடலாமா? தாத்தா பண்ட்னு சொல்றாரு."

தாத்தா சொல்வதுதான் சரி, நம் வரப்புக்கு பண்ட் என்றுதான் எழுதுவார்கள், தோட்டத்தில் பிடிக்கிற பாருக்கு வேண்டுமானால் ரிட்ஜ் என்று சொல்லலாம் என்று பதில் போட்டேன்.

"அப்ப அட்டைய முதல் அறையிலயே போடுறேன்" என்று வந்தது.